நான் சீரியல் பார்ப்பதில்லை

“அந்தம்மா சீரியல்ல உக்காந்துட்டா டேங்க் ரொம்பி என்ற தலைமேல கொட்டுனாலும் எந்திரிக்காதுங்க. மோட்டார் சுவிட்ச் மேல் வீட்டுல இருக்கற வரைக்கும் நான் கீழ் வீட்டுல இருக்க மாட்டனுங்க. காலி பண்ணிக்கறனுங்க.”

வார்த்தைக்கு வார்த்தை இதுதான் கீழ் வீட்டு நவமணி சொன்னது. ஹவுஸ் ஓனரிடம், போனில், வாசலில் நின்றுகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக. நான் மேலே பால்கனியில் துணி உதறிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டது. அதனால்தான் கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ என்று போர்டு தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் நீங்களும் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கம்மா. நவமணி லைனிங் துணி வாங்க டவுன்ஹால் பக்கம் போயிருக்கிறாள். வந்து கீழ் வீட்டைத் திறந்து காட்டுவாள். அதுவரைக்கும் வெயிலில் எதற்கு நிற்க வேண்டும்? காபி கலந்துவிட்டேன். சர்க்கரை போடலாமா என்று கேட்கவில்லை, போட்டுவிட்டேன். கேட்டுக்கொண்டு நின்றால் பால் பொங்கிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சீரியல் பார்ப்பதில்லை.

நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் அகஸ்டா சாயங்காலம் விளையாட்டு முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து, சத்தம் போடாமல் புத்தகம் படிக்கச் சொல்லி வளர்த்தவர். அப்படி வளர்ந்த நான் மத்தியானம் சோறு ஆறிக்கொண்டிருக்க, அந்த அப்பாவி மருமகள் மேல் போட்ட பொய்க் கேஸ் என்ன ஆனது, அந்தப் பெரிய மாமியார் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேனா? திறக்கவில்லை. நேற்று வரைக்கும் திறக்கவில்லை. டிவி ஓடும், அந்த அறையில் நான் இருப்பேன். அது வேறு, பார்ப்பது வேறு.

டேங்க் அன்றைக்கு வழிந்தது என்னவோ நிஜம்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. மொட்டை மாடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே டேங்க். சுவிட்ச் எங்கள் சமையலறையில். வழிந்தால் அந்தப் பைப் நேராகக் கீழே அவள் கொடியில் கொட்டும். அவள் தையல் வேலை செய்கிறவள், கல்யாண ப்ளவுஸ் எல்லாம் அவளிடம்தான் வரும், வேலை சுத்தமாக இருக்கும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் அரக்குப் பட்டு ப்ளவுஸைக் கொடியில் போட்டு வைத்திருந்தாள். சாயம் ஓடிவிட்டது. நான் கேட்கிறேன், அந்தப் பைப் என்ன நேற்றா வந்தது? அதற்குக் கீழே யாராவது பட்டைப் போடுவார்களா?

இதைத்தான் கேட்டேன். கொஞ்சம் ஆங்கிலத்திலும் கேட்டேன். அவள் காலி பண்ணுகிறேன் என்று ஓனருக்குப் போன் போட்டுவிட்டாள். பொள்ளாச்சியிலிருந்து ஓனர் வந்து போர்டை மாட்டிவிட்டுப் போனார்.

போகட்டும் என்றுதான் நினைத்தேன். யார் வேண்டாம் என்றது? ஆனால் மேல் வீட்டு வத்சலாவால்தான், என்னால்தான் போனாள் என்று பேர் வரக்கூடாது பாருங்கள். ‘டேங்க் இனி வழியாது, போர்டைக் கழற்றலாம்’ என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் போனால் போகிறாள், இருந்தால் இருக்கிறாள்.

என் மகள் நித்திலா இன்ஜினியரிங் படித்தபோது வாங்கிப் போட்ட எலெக்ட்ரானிக்ஸ் சாமான் ஒரு பெட்டி நிறையப் பரணில் கிடந்தது. அவள் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். போனில் கேட்டேன், “டேங்க் நிறைஞ்சா கத்தற மாதிரி ஒண்ணு செய்யணும், நான் செய்யலாமா?” “நீயா?” என்றாள். அந்த ‘நீயா’வுக்காகவே செய்வது என்று முடிவு செய்தேன்.

விஷயம் சின்னதுதான். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு போர்டு. அதற்குள் ஒரு மூளை. தண்ணீர் மேலே வந்து இரண்டு கம்பியையும் தொட்டால் நீ கத்த வேண்டும் என்று அந்த மூளைக்கு லேப்டாப்பிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்ல வேண்டியதை நித்திலா எழுதி அனுப்பிவிட்டாள். ஆனால் அந்தப் போர்டில் நேராகக் கேபிள் மாட்டுவதற்கு வாய் கிடையாது. நடுவில் கன்வர்ட்டர் என்று ஒரு தரகன். லேப்டாப்பிலிருந்து தரகனுக்குக் கேபிள். தரகனிலிருந்து போர்டுக்கு நாலு ஒயர். நாம் சொல்வது ஒவ்வொரு எழுத்தாக வரிசையில் போகும், பள்ளிக்கூடத்தில் அசெம்ப்ளிக்கு நாங்கள் போவோமே, அந்த மாதிரி. இதற்கு என்ன பேர் தெரியுமா? சீரியல் கனெக்‌ஷன்.

எனக்குப் பகீரென்றது. உலகத்தில் வேறு பேரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

சரி, மாட்டினேன். தரகன் தலையில் சிவப்பு லைட் ஜம்மென்று எரிகிறது. லேப்டாப்பில் பார்த்தால், போர்ட், அதாவது எந்த வாசலில் என்ன மாட்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வருகிறது, அதில் ஒன்றுமே இல்லை. வாசலில் ஆள் நிற்கிறான், லைட் போட்டுக்கொண்டு நிற்கிறான், உள்ளே இருக்கிறவளோ யாரும் வரவில்லை என்கிறாள். கழற்றி மாட்டினேன். வேறு ஓட்டையில் மாட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். டிரைவர் என்று என்னவோ இறக்கிப் போட்டேன். திட்டினேன். மறுநாளும் அதே கதை.

என் வீட்டுக்காரர் திருமூர்த்தி பேப்பரை மடிக்காமலே சொன்னார்: “கேபிள் சார்ஜிங் கேபிளா இருக்கும். அதுல கரண்ட் போற கம்பி மட்டுந்தான் இருக்கும். பேசற கம்பி இருக்காது. டேட்டா கேபிள் வேணும்.”

“இதை ஏங்க நேத்தே சொல்லலை?”

“சொல்ல ஆரம்பிச்சேன். நீ அப்ப டிரைவரைத் திட்டிட்டிருந்தே.”

எப்போதும் இதே சாக்கு அவருக்கு. தரகன் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி வீட்டில் கிடந்த கேபிளை எல்லாம் எடுத்து மாட்டிப் பார்த்தேன். ஒன்று பழைய டார்ச்சோடு வந்தது, ஒன்று பாட்டுப்பெட்டியோடு வந்தது. எல்லாம் லைட் மட்டும் எரியவைக்கிற ரகம். சோறு போடுவார்கள், பேச மாட்டார்கள். என்ன முறைக்கிறீர்கள் என்று இவரைக் கேட்டேன். முறைக்கவில்லையாம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நவமணியிடம் ஒரு பழைய கேமரா உண்டு. ப்ளவுஸின் முதுகு டிசைனை எல்லாம் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பாள். அந்தக் கேமராவோடு வந்த கேபிள் கறுப்பாக, தடியாக, நுனியில் நெல்லிக்காய் மாதிரி ஒரு குண்டோடு இருக்கும். அது போட்டோவைக் கொண்டுபோகிறது என்றால் பேசுகிற கேபிள்தானே? அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது. இவரை அனுப்பினேன். இவர் கீழே போனவர் போனவர்தான். முறுக்கு வாசனையோடு திரும்பி வந்தார், பின்னாலேயே அவளும் வந்தாள், கையில் கேபிள்.

“கேபிளைத் தனியா அனுப்பறதில்லீங்க,” என்று இவரிடம் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. “என்ற பையன் வாங்கிக்குடுத்தது. அது போற இடத்துக்கு நானும் போவேன்.”

“வரச்சொல்லுங்க,” என்று நானும் இவரிடம் சொன்னேன்.

மாட்டியதும் லேப்டாப் டிங் என்றது. பட்டியலில் பேர் வந்துவிட்டது! எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன வச்சலா, என்ன வந்துச்சு?”

“வத்சலா.”

“அதான். என்ன வந்துச்சு?”

“சீரியல் போர்ட் வந்துடுச்சு.”

அவள் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு திரையிடம் குனிந்தாள். “இதுலயும் வந்துருச்சா? எந்த டிவில வர்றது இது?”

நான் விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஓனர் எனக்குப் போன் செய்கிறார்: “ஏனுங்க, இப்பல்லாம் லேப்டாப்புலயும் சீரியல் பாக்கறீங்களாமா?” இவளை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது என்ன ஆனதென்றால், நித்திலா எழுதியதைப் ‘போர்டில் ஏற்று’ என்று லேப்டாப்பில் அமுக்கினால் அது முயற்சி செய்கிறது, முயற்சி செய்கிறது, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே இல்லை என்று சிவப்பு எழுத்தில் புலம்புகிறது. ஒயரைப் பத்து தடவை சரிபார்த்துவிட்டேன். ஒயர் மாட்டுவதில் என்னிடம் தப்பு வர வாய்ப்பே இல்லை. தரகனிலும் டிஎக்ஸ் என்று ஒரு கால், ஆர்எக்ஸ் என்று ஒரு கால். போர்டிலும் அப்படியே. டிஎக்ஸுக்கு டிஎக்ஸ், ஆர்எக்ஸுக்கு ஆர்எக்ஸ். பள்ளிக்கூடத்தில் ‘பொருத்துக’ என்று கேள்வி வந்தால் ஒரு தடவைகூட நான் மார்க் விட்டதில்லை. சிஸ்டர் அகஸ்டாவே சொல்வார், வத்சலாவைப் பார்த்துப் பொருத்துங்கள் என்று.

நித்திலாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா, டிஎக்ஸ்னா வாய். ஆர்எக்ஸ்னா காது. நீ வாயையும் வாயையும் சேத்துக் கட்டியிருக்க, காதையும் காதையும் சேத்துக் கட்டியிருக்க. ரெண்டும் பேசுது, ரெண்டுக்கும் கேக்காது. குறுக்க மாத்திப் போடு. இதோட வாய் அதோட காதுக்குப் போகணும்.”

“இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடி?”

“எங்கம்மா சொல்றது? நீ போன் பண்ணுவ, நீயே பேசுவ, நீயே ‘சரி வெச்சுடறேன்’னு வெச்சுடுவ.”

பக்கத்தில் நவமணி சிரித்தாள் பாருங்கள், சோபாவில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. ஒயரை மாற்றி மாட்டியதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. இவரும் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார். தும்மலாம்.

மாற்றிப் போட்டேன். இன்னும் ஒரு சிக்கல். எங்கள் தரகன் மலிவு ரகம். ஏற்றுகிற நேரத்தில் போர்டைத் தட்டி எழுப்புகிற ஒயர் அதில் இல்லை. நாமே எழுப்ப வேண்டும். அதில் குண்டூசித் தலை மாதிரி ஒரு பட்டன் இருக்கிறது. லேப்டாப்பில் ‘ஏற்றுகிறேன்’ என்று வார்த்தை வந்த அந்தக் கணத்தில் அதை அமுக்கிவிட வேண்டும். முன்னால் அமுக்கினாலும் போச்சு, பின்னால் அமுக்கினாலும் போச்சு. இவரை அமுக்கச் சொன்னேன். நான் ‘இப்போ’ என்றால், ‘இப்பவா?’ என்று கேட்டுவிட்டு அமுக்குகிறார். எழுந்து போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

“தள்ளு, நான் அமுக்கறேன்,” என்று நவமணி உட்கார்ந்தாள்.

“நான் ‘இப்போ’ன்னதும் அமுக்கணும்.”

“நீ ‘இப்போ’ன்னு முடிக்கறதுக்குள்ள அது போயிரும். நீ மூச்சு இழுக்கும்போதே அமுக்கிப்போடறேன். நீ பேசப் போறேன்னா எனக்கு முன்னாடியே தெரியும். கீழ இருந்தே தெரியும்.”

திமிரைப் பாருங்கள். ஆனால் முதல் தடவையே ஏறிவிட்டது. அத்தனை வருஷம் தையல் மெஷினில் காலும் கையும் ஒன்றாக ஓட்டியவள், அந்தக் கணக்கு அவளுக்கு இருக்கிறது. ஒரே ஆள் ஒரு கையில் மவுஸ், ஒரு கையில் பட்டன் என்று செய்துவிடலாம் என்று நித்திலா சொல்கிறாள். செய்யலாம்தான். சரியாக வராது. நான் செய்து பார்க்கவில்லை, ஆனால் வராது.

ஏறியதும் நான் சீரியல் மானிட்டரைத் திறந்தேன். அது ஒன்றுமில்லை, போர்டு நம்மிடம் என்ன சொல்கிறது என்று காட்டுகிற ஜன்னல். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். “ஓனர்கிட்ட சொன்னே, கொன்னுடுவேன்,” என்றேன். கேபிள், பட்டன் என்று வேலைப் பேச்சு இல்லாமல் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான், சண்டைக்குப் பிறகு.

ஜன்னலில் ஒரே கிறுக்கல். கேள்விக்குறி, கட்டம், தலைகீழ் எழுத்து, எந்த ஊர் பாஷை என்றே தெரியவில்லை.

“உனக்குக் கோவம் வந்தா இப்படித்தான் கேக்குது கீழ,” என்றாள்.

இதற்கும் நித்திலாதான். போர்டு பேசுகிற வேகம் ஒன்று, நம் ஜன்னல் கேட்கிற வேகம் ஒன்று. இரண்டும் ஒரே எண்ணில் இருக்க வேண்டுமாம். போர்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறது, நான் ஜன்னலை ஏகப்பட்ட வேகத்தில் வைத்திருந்தேன். வேகமாக இருந்தால் நல்லதுதானே? அந்தப் போர்டுக்குச் சாமர்த்தியம் பத்தாது, அதற்காக நான் இறங்கி வர வேண்டியிருந்தது. எண்ணை மாற்றினேன். கிறுக்கல் எல்லாம் கலைந்து வரி வரியாக, அழகாக, ‘தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஓடியது.

நவமணி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கம்பி இரண்டையும் நான் உள்ளே விட்டேன்.

கத்தியது பாருங்கள்! அவள் துள்ளிய துள்ளலில் பாதித் தண்ணீர் என் புடவையில். ஜன்னலில் ‘டேங்க் நிறைந்தது’ என்று வருகிறது. எடுத்தால் நிற்கிறது, விட்டால் கத்துகிறது. “இன்னொருக்கா விடு, இன்னொருக்கா விடு,” என்கிறாள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். இவர் வந்து, “ஏம்மா, டேங்க் மாடில இருக்குது,” என்றார். ஞாபகம் வந்து மேலே கொண்டுபோய் மாட்டினோம். அன்றையிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை. வேண்டுமானால் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

முடிந்ததா? முடியவில்லை. முதலில் வைத்த சத்தம் ஆம்புலன்ஸ் மாதிரி இருந்தது, அடுத்த தெருவில் ஒரு பெரியவர் பயந்துவிட்டார். மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் கேபிள் வேண்டும். கேபிள் வந்தால் அவளும் வருவாள். அவள் வந்தால் தைக்க வேண்டிய ஹெம்மிங்கையும் கையில் எடுத்துக்கொண்டு வருவாள். மாற்றினால், அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. மறுபடி மாற்றினோம். இப்போது கொஞ்சம் மெதுவாக, குயில் மாதிரி வைத்திருக்கிறோம். நாளைக்கு அதையும் மாற்றுவதாக இருக்கிறோம். மத்தியானம் சாப்பாடு ஆனதும் வருவாள், நான் மூச்சை இழுப்பேன், அவள் அமுக்குவாள். அது ஏறுகிற நேரத்தில் டிவி அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்காக எங்களுக்குள் ராசியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை சண்டைதான். வாடகைப் போர்டு இன்னும் கேட்டில் தொங்குகிறதே, பார்த்தீர்களே. காலி பண்ணுகிறேன் என்று சொன்னவள் அவள். காலி பண்ணவில்லை என்று அவள்தானே ஓனரிடம் சொல்ல வேண்டும்? நான் கீழே போய், ‘இரு நவமணி’ என்று சொல்வதா? நானா? நேற்று அவளாகவே பேச்சை எடுத்தாள். “போற வீட்டுல தண்ணி எப்படியோ,” என்றாள். “அங்கே உனக்கு மேல் வீட்டுல யாரு வாய்க்கறாங்களோ,” என்றேன் நான். அவள் ஊசியில் நூலைக் கோக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கவலை. அவள் போனால் கேபிள் போய்விடும்.

கடையில் கிடைக்காதா என்று நினைக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. கிடைக்கும். இவர் வாங்கி வந்திருக்கிறார். இந்த டிராயரைப் பாருங்கள், இது ஒன்று, இது ஒன்று, இதோ இன்னொன்று. எல்லாம் டேட்டா கேபிள்தான், மேலேயே அச்சடித்திருக்கிறான். பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? நுனியில் அந்தக் குண்டு இல்லை. சரிப்படாது.

கேட் சத்தம் கேட்கிறதா? அவள்தான். செருப்பைத் தட்டித் தட்டித்தான் வருவாள். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். கீழ் வீடு நல்ல வீடு, பொய் சொல்ல மாட்டேன். காற்று வரும், ஓனர் தொந்தரவு இல்லை. உங்களைப் பார்த்தாலும் நல்ல குடும்பமாகத் தெரிகிறது, வேறு நேரமாக இருந்தால் நானே கையைப் பிடித்து இழுத்து வந்து குடிவைப்பேன். ஆனால் நீங்கள் இப்போது கீழே போய் எல்லா அறையையும் பார்த்துவிட்டு, ‘எங்களுக்கு ஒத்துவராதுங்க’ என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். சமையலறை இருட்டு என்று சொல்லுங்கள், வாசல் திசை சரியில்லை என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள். அப்படியே, இந்த வீட்டில் நீங்களே இருந்துவிடலாமே என்று அவளிடம் ஒரு வார்த்தை, உங்களுக்கே தோன்றிய மாதிரி. நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் வேண்டாம்.

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டீர்களே. சொல்வீர்கள்தானே? ஏம்மா, உங்களைத்தான். சொல்வீர்களா?